கடல் கடந்த நிகாஹும் காத்திருக்கும் துணையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

வழமையாக இக்கூட்டத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் மதரஸாக் கல்வி ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசுவோம். இவ்வாண்டு நிர்வாகத்தினர் வேறொரு பொருளைக் கொடுத்துள்ளனர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நிகாஹ் முடித்துவைக்கும்போதும், அதன்பின் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் கவனிக்க வேண்டியவை எவை என்பதே அது. இது ஆலிமின் வேலையா, டிராவல்ஸ்காரரின் வேலையா என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த விண்ணப்பத்தின் முதல் தாள் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். இதோ இந்தப் பள்ளிவாசலின் நிகாஹ் தப்தரிலிருந்துதான் புறப்படுகிறது. இங்கே நாம் எழுதும் ஒரு வரியை, நம்மை ஒருபோதும் கண்டிராத ஓர் அதிகாரி கடலுக்கு அப்பால் அமர்ந்து எழுத்தெண்ணிப் படிக்கிறார். அவர் திருப்தி அடையாவிட்டால் நம் வீட்டுப் பெண்பிள்ளை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். ஆகவே இதில் நமக்கும் பொறுப்புண்டு.

கடல் கடந்த சம்பந்தம் நமக்குப் புதிதன்று. குலசேகரன்பட்டினம் பழைய துறைமுகம். நம் பாட்டன்மார் சபராளிகளாகக் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் கடை வைத்தனர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று, 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டதும் அவ்வழியிலேதான். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழியும் திறந்தது. அக்காலத்தில் மனைவியை உடன் அழைத்துச் செல்ல ஒருவர் நிகாஹ் சான்றை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கவில்லை. 1948இல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றியது. அதன்பின் நேற்றுவரை ஒரே முற்றத்தில் இருந்தவர்கள் இரு நாட்டவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று மனிதர்களை எண்ணிப் பிரித்தனர். அது பெரும்பாலும் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியதே. எனினும் குடும்பம் என்பது அரசின் கணக்கில் தலையெண்ணிக்கையாகிவிடும் என்பதைத் தமிழ் பேசும் மக்கள் அனைவரும் அன்று கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று.

உண்மையைச் சொல்ல வேண்டும். விசா கேட்கப்படாத அந்தக் காலத்திலும் நம் பெண்கள் காத்துக்கொண்டுதான் இருந்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை மச்சான் வருவார், மூன்று மாதம் இருப்பார், போய்விடுவார். கணவரின் கொழும்புக் கடையைத் தம் ஆயுளில் ஒருமுறையும் பார்த்திராத மூதாட்டிகள் நம் தெருக்களில் வாழ்ந்தனர். அதை நம் முன்னோர் பெருமையாகவும் பேசிக்கொண்டனர். நமக்கு அதில் பெருமை தெரியவில்லை. உமர் (ரலி) அவர்கள் ஆட்சிக்காலத்தில் போர்க்களம் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் இரவில் வருந்தியதைக் கேட்டு, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, படைவீரர்களுக்கு அதற்கேற்பத் தவணை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. எப்படிக் கொண்டாலும் மாதக் கணக்கே தவிர ஆண்டுக் கணக்கு இல்லை.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறும் நீங்கள் அறிந்ததே. கணவர் அபூஸலமா (ரலி) அவர்களோடும் கைக்குழந்தையோடும் மதீனா புறப்பட்டவரை அவருடைய குலத்தார் தடுத்து நிறுத்திக்கொண்டனர். கணவர் குலத்தார் குழந்தையைப் பறித்துக்கொண்டனர். கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம். ஏறத்தாழ ஓராண்டு காலம் அவர் அப்தஹ் வெளிக்குச் சென்று அழுதுகொண்டிருந்தார். உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசிய பின்பே பயணத்துக்கு இசைவு கிடைத்தது. இசைவு இன்றிக் கணவனிடம் போக முடியாத ஒரு பெண்ணின் நிலையைச் சீறா நூல்கள் இவ்வளவு விரிவாகப் பதிந்து வைத்திருக்கும்போது, விசாவுக்குக் காத்திருக்கும் பெண்ணின் துயரைச் சிறு விஷயமாக நாம் எண்ணலாகாது.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், அமெரிக்கா எனப் பல நாடுகளில் உள்ளனர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. சவூதி அரேபியா 2017 ஜூலையில் உடன் வாழும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் எனக் கட்டணம் விதித்து, 2020க்குள் அதை 400 ரியாலாக உயர்த்தியபோது எத்தனை குடும்பங்கள் ஊர் திரும்பின என்பது உங்களுக்கே தெரியும். ஆயினும் வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் தொழில் இருக்கும் வரை மட்டுமே தங்கல். நிரந்தரமாகக் குடியேறும் துணைவர் விசாதான் நம் பேச்சு. அதில் அமெரிக்காவின் முறை மிக நீண்டது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்று சம்பந்தம் பேச வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்பதே. சம்பளத்தைக் கேட்கிறோம், சொந்த வீடு உண்டா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. எச்1பி என்னும் வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு எச்4 என்னும் சார்பு விசா உண்டு. அது குடியேற்ற விசா அன்று. குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் காலம் மட்டுமே காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் மனைவிக்கோ ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. வரிசை நீண்டுவிட்டால் அதில் நின்றாக வேண்டும். மூவரையும் நாம் ‘அமெரிக்க மாப்பிள்ளை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். பெண்ணின் அடுத்த சில ஆண்டு வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

குடியுரிமை பெற்றவர் என்றே வைத்துக்கொள்வோம். நிகாஹ் முடிந்தபின் கணவர் அங்கே ஐ-130 என்னும் மனுவைக் குடிவரவுத் துறைக்குத் தருகிறார். இவர்கள் உண்மையில் கணவன் மனைவியே என்று அத்துறை ஒப்புக்கொள்வதற்கே ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கமாகிவிட்டது. பின்னர் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைத் தடையின்மைச் சான்று ஆகியவை கேட்கப்படும். கணவரின் வருமானம் அந்நாட்டு அரசு வகுத்த வறுமைக்கோட்டுத் தொகையைப் போல 125 சதவீதம் இருக்க வேண்டும்; மனைவியைத் தாம் பராமரிப்பதாக அவர் அரசுக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்திரத்தின் பொறுப்பு மணவிலக்கு ஆனாலும் முடிவதில்லை. மனைவி அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்தாண்டு உழைப்புக் கணக்கு நிறையும் வரை, அல்லது அந்நாட்டை விட்டே நீங்கும் வரை அது தொடரும். நம் ஊரில் இத்தாக்கால ஜீவனாம்சத்தைக் கூடப் பஞ்சாயத்து வைத்து வாங்க வேண்டியிருக்கும் நிலையில், மகளைக் கொடுக்கும் வலீமார் இதை அறிந்திருப்பது நன்று.

அதன்பின் தூதரகம் ஒப்புக்கொண்ட மருத்துவரிடம் உடற்பரிசோதனையும் தடுப்பூசிகளும். கடைசியாக நேர்முகம். இந்தியாவிலிருந்து குடியேற்ற விசாவுக்குப் போவோருக்கு அது மும்பையில் நடைபெறுகிறது. திருச்செந்தூரைத் தாண்டித் தனியே பஸ் ஏறாத பெண்பிள்ளை மும்பைத் துணைத் தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்று, தன் கணவரைப் பற்றி ஓர் அந்நியருக்குப் பதில் சொல்கிறாள். கணவர் எங்கே பணி செய்கிறார், அவருடன் பிறந்தோர் எத்தனை பேர், சம்பந்தம் யார் மூலம் வந்தது, நிகாஹுக்குப் பின் எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள் என்று கேட்பர். கணவர் பெயரை வாயால் சொல்லாத மரியாதையில் வளர்ந்த பெண் அங்கே தயங்கினால், அத்தயக்கம் வேறு விதமாகப் பொருள் கொள்ளப்படும். புறப்படுமுன் தாய்மார்கள் பழக்கிவிடுங்கள். நாணம் ஈமானின் ஒரு கிளை. ஆனால் கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது நாணத்துக்கு மாறானதன்று.

பக்கத்து ஊர் ஜமாஅத் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் நிகாஹ். அழைப்பிதழில் ‘வியாழன் இரவு’ என அச்சிட்டிருந்தார்கள். தப்தரில் ‘வெள்ளி இரவு’ என்று எழுதி, ஹிஜ்ரி தேதிக்கு நேராக வெள்ளிக்கிழமைக்கான ஆங்கிலத் தேதியைப் போட்டிருந்தனர். நமக்கு இதில் குழப்பமே இல்லை. மஃரிபோடு மறுநாள் பிறந்துவிடுகிறது. வியாழன் மாலை மங்கினால் அது ஜும்ஆ இரவு. அந்த அதிகாரிக்கு இது எங்ஙனம் தெரியும்? நள்ளிரவில் நாள் மாறும் உலகத்தில் அவர் வாழ்கிறார். அழைப்பிதழில் ஒரு நாள், சான்றிதழில் மறுநாள். பெண்ணைக் கேட்டார்; அவள் வியாழன் என்றாள். 221(ஜி) என்னும் பிரிவின்படி ஒரு தாளைக் கொடுத்து, விளக்கம் வரும்வரை விசாவை நிறுத்திவைத்துவிட்டனர். அந்த ஜமாஅத்தார், இஸ்லாமிய நாட்கணக்கு மஃரிபில் தொடங்குவதை விளக்கி ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, தப்தர் நகலோடு அனுப்பிய பின்னரே காரியம் ஆயிற்று. ஏழு வாரம் கழிந்தது. அந்த ஏழு வாரமும் அப்பெண்ணின் வீட்டில் ‘என்ன குறை கண்டானோ’ என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டிருந்தனர். பெண்ணிடத்தில் ஒரு குறையும் இல்லை.

பெயர் இன்னொரு தொல்லை. பள்ளிச் சான்றில் பாத்திமா, பாஸ்போர்ட்டில் ஃபாத்திமா பீவி, தப்தரில் பாத்து முத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது முஹம்மது என்னும் ஒரே பெயரை ஒரு வீட்டிலேயே நான்கு விதமாக எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சிடுவர். சொந்தப் பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அங்கே ‘தெரியவில்லை’ ஆகிவிடுகிறது. மணமானதும் அவசர அவசரமாகக் கணவர் பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுப்பதும் வேண்டாத வேலை. மணமான பின்பும் பெண் தன் தந்தையின் பெயராலேயே அறியப்படுவாள் என்பது நம் மார்க்கத்தின் முறை. அதைக் கடைப்பிடித்தால் பிறப்புச் சான்று முதல் விசா வரை ஒரே பெயர் நிற்கும், காரியமும் எளிதாகும்.

அடுத்து, தப்தர் நகல் இருக்கிறதே, போதாதா என்பர். ஷரீஅத்தின்படி நிகாஹ் நிறைவேறிவிட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. எம்மதத்தார் ஆயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் கூடுதல் கட்டணம், கூடுதல் அலைச்சல். மாப்பிள்ளையின் விடுமுறையோ 20 நாள். அதில் விருந்துக்குப் போவதிலேயே பதினைந்து நாள் போய்விடும். அவர் விமானம் ஏறிய பின், இருவரும் சேர்ந்து சார்பதிவாளர் முன் நிற்க வேண்டுமாமே என்று நம்மிடம் ஓடிவருகின்றனர். நிகாஹ் நடந்த வாரத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள். விருந்து எங்கும் ஓடிவிடாது. வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையமும் 2024 பிப்ரவரியில் தந்த தனது 287ஆவது அறிக்கையில் பரிந்துரைத்துள்ளது. மணமுடித்துவிட்டு மறைந்துபோகும் மாப்பிள்ளைமாரால் பெண்கள் பட்ட துன்பமே அதற்குக் காரணம்.

தொலைபேசி நிகாஹ் பற்றிப் பலர் கேட்கின்றனர். 2020இல் கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றபோது இது பெருகிற்று. நிகாஹுக்கு வலீயும் சாட்சிகளும் ஒரே சபையில் ஈஜாப் கபூலைக் கேட்பதும் இன்றியமையாதவை. 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நவீன சாதனங்கள் வழியே நடக்கும் ஒப்பந்தங்களை அனுமதித்தபோதே, சாட்சி நிபந்தனை இருப்பதால் நிகாஹை அதிலிருந்து விலக்கிற்று. தொலைவில் இருப்பவருக்கு மார்க்கத்தில் வழியில்லாமல் இல்லை. உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் அபிசீனியாவில் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தார்கள். நஜ்ஜாஷி மன்னர் முன்னின்று அந்த நிகாஹை முடித்து, 400 தீனார் மஹரையும் தாமே கொடுத்தார் என வரலாறு கூறும். ஆகவே மாப்பிள்ளை எழுத்து மூலம் வக்கீல் நியமித்தால் நிகாஹ் செல்லும்.

ஆனால் மார்க்கத்தில் செல்வது வேறு, விசாவுக்குச் செல்வது வேறு. மணமக்கள் ஒருவர் முன்னிலையில் ஒருவர் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் இல்லறத்தில் கூடி வாழ்ந்தாலன்றி, அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் துணைவர் விசாவுக்கு ஏற்பதில்லை. நம் வழக்கப்படி மாப்பிள்ளை பள்ளியிலும் பெண் வீட்டிலும் இருந்து, வக்கீலும் சாட்சிகளும் சென்று சம்மதம் வாங்கி வரும் நிகாஹையும் இந்தக் கண்ணோடு பார்க்க இடமுண்டு. மணமக்கள் அதன்பின் சேர்ந்து வாழ்வதால் அங்கே தடை இல்லை. மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே என்று வக்கீல் மூலம் முடித்துவிட்டு, சந்திக்காமலேயே மனுப்போட்டால்தான் சிக்கல். அத்தகைய நிகாஹுக்கு நம்மிடம் வருவோரிடம், மாப்பிள்ளை என்று வருகிறார், டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்ட பிறகே தப்தரைத் திறக்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கின்றனர். கோபித்துக்கொள்ளட்டும்.

சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று கேட்பார்களே, அதற்கு நாம் என்ன செய்வது? படம் எடுப்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே அந்த விவாதத்துக்குள் போகவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுக்கும் படத்தைத் தேவை கருதி அனுமதிக்கும் ஆலிம்கள் இதையும் அதே கணக்கில்தான் வைப்பர். பயணச் சீட்டுகள், அனுப்பிய பணத்தின் ரசீதுகள், இரு குடும்பத்தாரும் சேர்ந்திருந்த இரண்டு மூன்று படங்கள் இருந்தால் போதும். மேடை போட்டு, லட்சக்கணக்கில் செலவழித்து, விசாவுக்காகத்தான் என்று சாக்குச் சொல்ல வேண்டாம்.

பெண் அமெரிக்கா சென்று சேர்ந்தபின்னும் ஒரு தவணை இருக்கிறது. உள்ளே நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறையாதிருந்தால், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டாண்டுக்கு மட்டுமே நிபந்தனையுடன் கூடிய கிரீன் கார்டு கிடைக்கும். அது முடியுமுன் வரும் 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து மறுமனுச் செய்ய வேண்டும். ‘நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லி மனைவியை மிரட்டும் கணவன்மாரும் உள்ளனர். கொடுமைக்கு ஆளான பெண், கணவன் கையெழுத்து இல்லாமலேயே மனுச் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இதை நம் பெண்மக்கள் இங்கிருந்து போகும்போதே தெரிந்துகொண்டு போகட்டும். கணவனைச் சந்தேகிக்கச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வழி தெரிந்தவள் அஞ்சமாட்டாள்.

பிரிட்டனில் விதி வேறு. 2010 நவம்பர் முதல் வரும் துணைவர் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். அங்கிருப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்று 2012இல் விதித்தனர்; 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுண்டாக உயர்த்தினர். கடையில் உதவியாளராக இருக்கும் பிள்ளைக்கு அது எளிதன்று. சிங்கப்பூரிலோ 2015 முதல், குடிமகனை மணக்கவிருக்கும் வெளிநாட்டவருக்கு நீண்டகாலத் தங்கல் அனுமதி கிடைக்குமா என்று திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்து மதிப்பீட்டுக் கடிதம் பெற வழி செய்துள்ளனர். நமக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. சிங்கப்பூர் சம்பந்தம் என்றால் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு மஹரைப் பேசலாம்.

இதுவரை நம் பெண்கள் வெளியே போவதைப் பேசினோம். வெளிநாட்டுத் துணை நம் ஊருக்கு வருவதும் உண்டு. அதிலும் இலங்கைச் சம்பந்தம் நமக்கு இன்னும் அற்றுப்போகவில்லை. மொழி ஒன்று, உறவு ஒன்று, சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சட்டமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். சுற்றுலா விசாவில் வந்து மாமன் வீட்டில் தங்கி, நிகாஹும் முடிந்து, விசாக்காலம் கழிந்தும் ‘நம்ம பிள்ளைதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று இருந்துவிடுவது மிகப் பெரும் ஆபத்து. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, விசாக்காலம் மீறித் தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதைவிடக் கடுமையானது பிள்ளையின் நிலை. 2004 டிசம்பர் 3க்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராக இல்லாதிருக்க வேண்டும். விசா காலாவதியான பின்னும் தங்கிவிட்டவர் சட்டத்தின் கண்ணில் சட்டத்துக்குப் புறம்பானவரே. வாப்பா இந்தியர், பிறந்தது தூத்துக்குடி மாவட்டம், ஆனால் பிள்ளை இந்தியன் இல்லை என்னும் நிலை ஒரு தேதியைக் கவனிக்காததால் வந்துவிடும். நம் கரையிலிருந்து விண்வெளிக்கு ராக்கெட் அனுப்ப 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். ராக்கெட்டுக்கு விசா வேண்டாம். எதிர்க்கரையிலிருந்து வரும் மருமகளுக்கு வேண்டும்.

நேரான வழி இருக்கிறது. விசாக்காலம் முடியுமுன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியே விண்ணப்பித்து, இந்தியரின் துணைவர் என்ற முறையில் விசாவை மாற்றித் தரக் கேட்கலாம். 2015இல் செய்த திருத்தத்தின்படி, பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டாண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால், வெளிநாட்டுத் துணைவர் ஓ.சி.ஐ. என்னும் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தாமோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் அல்லது பங்களாதேஷ் குடிமக்களாக இருந்தவர்களுக்கு இவ்வழி இல்லை. ஏழாண்டு இங்கு வசித்தபின் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டாண்டு, பதிவு செய்த திருமணத்துக்கே உரியது என்பதால், மீண்டும் தப்தருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குமே வந்து சேர்கிறோம். இன்னொன்று: அந்தத் திருமணம் மணவிலக்கால் முறிந்தாலும், அது நிலைத்திருக்கும்போதே அட்டைதாரர் வேறொருவரை மணந்தாலும் ஓ.சி.ஐ. அட்டையை அரசு ரத்துச் செய்யலாம்.

பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. முந்திய நிகாஹை மறைப்பது, வயதைக் கூட்டிக் குறைப்பது, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று விசா வாங்கி அங்கேயே தங்கிவிட நினைப்பது ஆகியவற்றுக்கு நம்மிடம் யோசனை கேட்டு வருவோர் உண்டு. முக்கியமான ஒன்றைப் பொய்யாகச் சொல்லி விசா கேட்டவருக்கு அமெரிக்கச் சட்டத்தில் வாழ்நாள் முழுதும் தடை. விசாவுக்காகவே போலியாக மணந்தவருக்கு அதன்பின் உண்மையாக மணந்தாலும் வாசல் திறவாது. ஏஜெண்டு சொன்னார் என்பது அங்கே பதிலாகாது. நாளை மறுமையிலும் பதிலாகாது. ஜமாஅத்தின் முத்திரையைப் பொய்த் தாளில் வைக்கக் கேட்டு எவரும் நம்மிடம் வர வேண்டாம்.

இவற்றையெல்லாம் நிர்வாகத்தினருடன் ஆலோசித்து, இவ்வாண்டு முதல் நிகாஹ் தப்தரில் சில பத்திகளைச் சேர்த்திருக்கிறோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் மணமக்கள் பெயர். ஹிஜ்ரி தேதியுடன், நள்ளிரவுக் கணக்கின்படி ஆங்கிலத் தேதியும் நேரமும். மணமகன் மணமகள் ஒவ்வொருவருக்கும் முந்திய திருமணம் உண்டா, இருந்தால் அது முடிந்ததற்கான சான்று. வெளிநாட்டவர் எனில் அந்நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைச் சான்றும், அவருடைய சொந்த மஹல்லாவின் கடிதமும். நிகாஹ் நாள் குறிக்க வரும் வலீயிடம் மாப்பிள்ளையின் விசா நிலையும், பெண் அவரிடம் போய்ச் சேர ஆகும் உத்தேசக் காலமும் கேட்டு எழுதிக்கொள்ளப்படும். அதைப் பெண்ணிடமும் படித்துக் காட்டிய பின்னரே அவள் சம்மதத்துக்கு வக்கீலும் சாட்சிகளும் போவார்கள். எவ்வளவு காலம் பிரிந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் சொல்லும் சம்மதத்தை நாம் அரைச் சம்மதமாகவே கருதுகிறோம்.

பழைய தப்தர்களிலிருந்து நகல் வேண்டுவோர் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். ஆங்கில மொழிபெயர்ப்புக்கு நம் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் கட்டணமின்றி உதவ முன்வந்துள்ளனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. வரும்போது மணமக்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலையும், இருந்தால் நிகாஹ் அழைப்பிதழையும் மறவாமல் கொண்டுவாருங்கள். தேதிகளை அங்கேயே ஒத்துப் பார்த்துவிடலாம்.